ஷெட் வண்டி

அந்த வீட்டில் யாரும் எதையும் சும்மா கேட்டுவிட முடியாது. கத்தரிக்கோலை எடுத்துக் கொடு என்றால் கை நீளுவதற்கு முன்னால் வாய் கேட்கும்: "எத்தனை மணி வண்டி?" எப்போதுக்குள் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அப்பா வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பிவிட்ட மனுஷன், வீட்டுக்கு வந்த பிறகும் கூண்டைவிட்டு இறங்கியதில்லை. வீட்டுப்பாடம் எழுதுவது, துணி துவைப்பது, நகம் வெட்டுவது எல்லாமே அவருக்கு வண்டிகள்தாம். நேரம் சொன்னால் வண்டி கிளம்பும். நேரம் சொல்லத் தெரியாமல் விழித்தால், "அப்ப அது ஷெட் வண்டி, கிடக்கட்டும்" என்று கையை உதறிவிடுவார். ஷெட்டில் நிற்கும் வண்டியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனாலேயே யாரும் எடுக்கமாட்டார்கள். அம்மா இருந்தவரைக்கும் இதைக் கேட்டுச் சிரிப்பாள். அம்மா போன பிறகு சிரிக்க ஆளில்லாமல் அது வீட்டுச் சட்டமாகவே நிலைத்துவிட்டது.

இரண்டு பெண்களில் பெரியவள் அந்தச் சட்டத்தையே படிப்பாகப் படித்து, பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாள். தகடு வெட்டும் பிரஸ் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. இயந்திரத்தின் பெட்டிக்குள் இருக்கிற சின்னக் கம்ப்யூட்டருக்கு மூளை ஒன்றே ஒன்று. பார்க்கவேண்டிய வேலையோ ஏழெட்டு. ஆளின் கை உள்ளே வந்துவிட்டதா என்று கவனிக்கவேண்டும், மோட்டாரை ஓட்டவேண்டும், தகட்டை நகர்த்தவேண்டும், திரையில் எண்களைக் காட்டவேண்டும். எது முதலில், எது அடுத்தது, எது காத்திருக்கலாம் என்று அந்த வேலைகளை வரிசை கட்டி நிறுத்தும் புரோகிராமை எழுதுகிறவள் அவள். இதில் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கும் வரவேண்டும். கை உள்ளே வந்ததை அணு பிசகாமல் கண்டுபிடித்து, கை போன பிறகு சொன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நேரம் தப்பி வந்த சரியான பதிலும் தப்பான பதில்தான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வாள். சொல்லும்போது அப்பாவின் குரல் அப்படியே வரும்.

சின்னவள் படிப்பில் சுமார். ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, தொளதொளத்த உடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று அக்கம்பக்கத்து வேலைகளை வாங்கிச் செய்வாள். அது அவள் பொழுதில் பாதி. மீதிப் பாதி அப்பா. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டிவரவேண்டும். வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது. போகும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். வரும்போது சின்னவளைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். பெரியவள் சம்பாதிப்பது, சின்னவள் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. தானாக அமைந்துவிட்டது. தானாக அமைந்ததைக் கேள்வி கேட்கவும் ஆளில்லை.

மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த ஒரு வாரத்தில், காலை நேரத்தில், அடுப்பங்கரையில் மறுபடியும் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

"போச்சா?" என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"போச்சுப்பா."

"இந்த மாசத்துல இது எத்தனாவது?"

"எண்ணிக்கிட்டே இருங்க. அளந்து அளந்து தண்ணி குடிக்கிறவருக்கு வேற என்ன பொழுதுபோக்கு?" சின்னவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். டீ தரையில் ஓடிக் கதவு வரைக்கும் போயிருந்தது. ஈரத் துணிகள் வீடு முழுக்கக் கயிற்றில் தொங்கின. மூன்று நாளாகக் காயாமல் ஒரு மக்கின வாடை.

பெரியவள் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் செருப்புமாக நின்றாள். அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரங்களில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கண்ணை எங்கடி வெச்சிருக்கே? கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு!"

"முன்னாடி இல்லக்கா. பக்கத்துல இருந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா இருந்தா ஏன் விழுது?" சின்னவள் சில்லுகளைப் பழைய காகிதத்தில் மடித்தாள். "அதைத்தான் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஓரத்துல வர்றது எதுவும் சரியாத் தெரியமாட்டேங்குது. ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா? சொட்டு மருந்து விட்டுப் பாப்பாங்களாம், அன்னிக்குத் தனியாத் திரும்பி வர முடியாதாம். நீ ஒரு அரை நாள் லீவு போட்டேன்னா போதும். அப்பாவை அந்த நேரத்துக்கு யார்கிட்டயாவது பாத்துக்கச் சொல்லலாம்."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"ஊசியில நூல் கோக்க முடியுதா?"

"ஓ, அதெல்லாம் ஒரே தடவையில. நீ மூணு தடவை எச்சில் தொட்டாலும் கோக்க மாட்டே."

"அப்ப எத்தனை மணி வண்டி இது?"

சின்னவள் யோசித்தாள். அப்பாவின் டயாலிசிஸ் என்றால் நாள் தெரியும், நேரம் தெரியும், தவறினால் என்ன ஆகும் என்றும் தெரியும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தைக்கிற உடுப்பு என்றால் கல்யாணத் தேதி இருக்கிறது. இதற்கு என்ன நேரம் சொல்வது?

"அவசரம் ஒண்ணும் இல்ல. ஷெட் வண்டிதான்."

"இந்த மிஷின் டெலிவரி முடியட்டும். கண்டிப்பா போலாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் குடையைத் தேடினாள். அவள் பொய் சொல்லவில்லை. போகலாம் என்றுதான் நினைத்தாள். இதற்கு முன்னாலும் இதே பேச்சு நடந்திருக்கிறது. அப்போது வேறு டெலிவரி, வேறு கோப்பை.

கம்பெனியின் சோதனைக் கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் அங்கே பேசவேண்டியதைக் கத்தித்தான் பேசவேண்டும். நடுவில் புது பிரஸ் நின்றுகொண்டிருந்தது, பச்சை பெயின்ட் வாசனை போகாமல். அதன் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களால் ஒரு வேலி. அந்த வேலியைத் தாண்டி எது உள்ளே போனாலும், இறங்கிக்கொண்டிருக்கிற இரும்பு அந்தரத்தில் நின்றுவிடவேண்டும். நிற்கிறதா என்று கையை விட்டா பார்க்க முடியும்? ஒரு கம்பின் நுனியில் வெள்ளரிக்காயைக் கட்டி நீட்டுவார்கள். பிரஸ் நின்றால் வெள்ளரிக்காய் பிழைத்தது. பிழைத்த வெள்ளரிக்காய்களை மத்தியானம் நறுக்கி உப்புத் தொட்டுத் தின்பது அங்கே வழக்கம். டெலிவரி நெருங்கிவிட்டால் எல்லோருக்கும் வயிறு வெள்ளரிக்காயாலேயே நிறைந்துவிடும்.

இந்தத் தடவை சாப்பாட்டில் மண் விழுந்தது. வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி இயந்திரத்தை நிறுத்தாமல் நாள்கணக்கில் ஓடவிட்டிருந்தார்கள். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய் நசுங்கியது. நிறுத்தித் துருவித் துருவிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி ஓட்டினார்கள். ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடி ஒன்று நசுங்கி, சாறு பெரியவளின் சட்டையில் தெறித்தது.

"நில்லுங்கற உத்தரவு சரியான நேரத்துக்குத்தான் போகுது" என்றாள் அவள் மேலாளரிடம். "நூறு தடவை பாத்துட்டேன் சார். கை பாக்கற வேலைதான் வரிசையில முதல் ஆளு. அதுக்கு மேல யாரும் இல்ல. ஒரு தடவைகூட அது லேட் ஆகல."

"அப்ப வெள்ளரிக்கா தானா நசுங்கிச்சா?" மேலாளர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். "வர்ற வாரம் அவங்க ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க. அங்க இதுக்கு முன்னாடி நிக்கப்போறது வெள்ளரிக்கா இல்ல, ஞாபகம் இருக்கட்டும். நாள் முழுக்கக் கை உள்ள போய் வெளிய வரும்."

"அது தெரியாமலா சார் நான் தூங்காம இருக்கேன்?"

அவள் தூங்காமல் இருந்தாள். அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரர் அவளுக்கும் சேர்த்துத் தூங்கினார். அவருக்குக் 'கோழித்தூக்கம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வயரிங்கில் கெட்டிக்காரர், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கே சாய்ந்தாலும் அங்கே கொஞ்ச நேரம் தலை தொங்கிவிடும். மழைக்குளிருக்கு இயந்திரத்தின் பின்பக்கம் எண்ணெய்த் தொட்டியில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வார். தொட்டி இதமாகக் கதகதவென்று இருக்குமாம்.

அன்று சாயங்காலம் பெரியவள் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் முழங்காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். களைப்பு வாயை அடைக்கவில்லை.

"உன் தங்கச்சி இன்னிக்கு சைக்கிள்காரன் மேல போய் விழுந்தா. நானும் கூட விழுந்திருப்பேன். அவன் மணி அடிச்சுக்கிட்டேதான் வந்தான்."

"மழைச் சத்தத்துல கேக்கலப்பா."

"காது கேக்காட்டிப் போகுது, கண்ணு எங்க போச்சு? யானை மாதிரி வர்றான் பக்கத்துல!"

பெரியவளுக்கு அன்று தலைக்குள் வெள்ளரிக்காயைத் தவிர வேறொன்றும் இல்லை. "அப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறே, கொஞ்சம் நிதானமாப் போகக் கூடாதா? அவருக்கு எலும்பு ஒடஞ்சா யாரு பாக்கறது? என்னால இப்ப லீவு போட முடியுமா? நீயே சொல்லு."

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கோபப்படுவதே அபூர்வம். கோபப்பட்டால் குரல் உயராது, தணியும்.

"யாரு பாக்கறதா? நான்தான் பாப்பேன். அவருக்கு ஒடஞ்சாலும் நான்தான், உனக்கு ஒடஞ்சாலும் நான்தான். எனக்கு ஒடஞ்சாத்தான் யாருன்னு தெரியல."

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவளே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சூப்பை ஊற்றும்போது ஒரு கரண்டி கிண்ணத்துக்கு வெளியே போனது. பெரியவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டாள். பின்னால் பல நாள் அவளைக் குத்தியது கோப்பையும் சைக்கிளும் அல்ல, இந்தக் கரண்டிதான். பார்த்தாளே!

இரண்டு நாள் கழித்து மத்தியானம், இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு அலறல். எல்லோரும் ஓடினார்கள். கோழித்தூக்கம் சட்டையைப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"முதுகு! தொட்டி சுடுது மேடம். நேத்து வெதுவெதுன்னு இருந்துச்சு, இன்னிக்கு தோசைக்கல்லு மாதிரி!"

சிரிக்காதவர்கள் இல்லை. பெரியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து தொட்டியின் அடியில் பார்த்தாள். எண்ணெயைக் குளிரவைக்கிற விசிறி சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் இறக்கையில் பேக்கிங் பிளாஸ்டிக் காகிதம்கூடக் கிழியாமல் இருந்தது. சிரிப்பு அவளுக்கு உதட்டிலேயே நின்றுவிட்டது.

விசிறி கெட்டுப்போகவில்லை. அதை யாரும் ஓடச் சொல்லவில்லை. எண்ணெய்ச் சூட்டைப் பார்த்து விசிறியைப் போடுகிற வேலையும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது, வரிசையில் கடைசி ஆளாக. அதற்கு மட்டும் கெடு கிடையாது. மற்ற எல்லோரும் தங்கள் வேலையை முடித்து, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அது ஓடிக்கொள்ளலாம். பழைய இயந்திரத்தில் சும்மா இருக்கிற நேரம் நிறைய இருந்தது. இந்தப் புது இயந்திரத்துக்கு மேலாளர் திரையில் கலர் கலராக வரைபடம் வேண்டும் என்றார், வாடிக்கையாளர் இன்னும் இரண்டு கேட்டார். சும்மா இருந்த நேரமெல்லாம் அதற்குப் போயிற்று. கடைசி ஆள் கடைசியிலேயே நின்றான். அவன் முறை வரவே இல்லை. எண்ணெய் மெல்ல மெல்லச் சூடேறி, நீர்த்துப்போய், அந்த எண்ணெயின் அழுத்தத்தில் இரும்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் பிடி தளர்ந்துவிட்டது. உத்தரவு நேரத்துக்குப் போனது. இரும்பு நிற்கத்தான் தாமதமானது. நிறுத்திவைத்துத் தேடும்போதெல்லாம் எண்ணெய் ஆறிவிடும். பிறகு எங்கே அகப்படும்?

"யாரு மேடம் இதைக் கடைசியில போட்டது?" என்றார் கோழித்தூக்கம், முதுகைத் தடவிக்கொண்டே.

"நான்தான்."

"ஏன்?"

"சூடு மெதுவாத்தானே ஏறும். வலியா, சத்தமா... ஒண்ணும் இருக்காது. என்ன அவசரம்னு..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. கூரையில் மழை இரைந்தது. வலியெல்லாம் இல்ல, அவசரம் ஒண்ணும் இல்ல என்று இன்னொரு குரல் அவளுக்குக் கேட்டது.

அந்தக் கடைசி ஆளுக்கு ஒரு கெடு கொடுத்து, நிமிஷத்துக்கு ஒருதரம் கட்டாயம் ஓடவேண்டும் என்று எழுதுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. விசிறி காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் நசுங்காமல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று மேலாளர் முகம் மலர்ந்தார். "காலையில நீங்க இருக்கணும்" என்றார்.

"காலையில நான் வரமாட்டேன் சார்."

"விளையாடாதீங்க. கடைசி நேரத்துல..."

"வீட்டுல ஒரு வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த ஒரு முழு வெள்ளரிக்காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவர் ஒன்றும் புரியாமல் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் போகுமுன் வீடு வந்துவிட்டாள். சின்னவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு கால்சட்டையின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். தையல் நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. இவ்வளவு நேராகத் தைக்கிறவளுக்குக் கண்ணில் என்ன வந்துவிடப் போகிறது?

"என்னக்கா, சீக்கிரமே வந்துட்டே? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இப்படித் திரும்பி உக்காரு. நேரா என் மூக்கைப் பாரு. வேற எங்கயும் பாக்கக் கூடாது."

"உன் மூக்குல அப்படி என்ன இருக்கு பாக்கறதுக்கு?"

"சொன்னதைச் செய்டி."

சின்னவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். பெரியவள் வெள்ளரிக்காயை எடுத்து, தங்கையின் காதுக்கு நேராக, பக்கவாட்டில் பிடித்தாள். அங்கிருந்து மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

"ஒரு சாமான் காட்டுவேன். தெரிஞ்சதும் சொல்லு."

"சரி."

வெள்ளரிக்காய் காதைத் தாண்டியது. கன்னத்துக்கு நேரே வந்தது. அவள் தனக்குத்தானே அந்த இடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எப்போதோ பச்சையாகத் தெரிந்திருக்கும். கடைக்கண்ணுக்கு நேரே வந்தது. இன்னும் முன்னால் வந்தது.

"காட்டு" என்றாள் சின்னவள் அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் எவ்வளவு நேரம் உன் மூக்கையே பாக்கறது?"

கை கிட்டத்தட்ட இருவர் முகத்துக்கும் நடுவில் வந்த பிறகுதான், "அட, வெள்ளரிக்கா!" என்றாள் சின்னவள். "இதுக்கா இவ்வளவு பீடிகை?"

மறு பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

"ஏன்க்கா அழறே?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காலமெல்லாம் இடமும் வலமும் பார்த்து வண்டி விட்டவர் அல்லவா.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போ" என்றார்.

"உங்ககூட யாரு இருப்பா?" என்றாள் சின்னவள் உடனே.

"நான் என்ன கைக்குழந்தையா? நாளைக்கு டயாலிசிஸ் இல்ல. ரொட்டியைப் பக்கத்துல வெச்சிட்டுப் போங்க." கொஞ்சம் நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "அரை நாள்தானே. எப்பவுமே இருந்திருப்பேன். யாரும் என்னைக் கேக்கலையே."

கண் ஆஸ்பத்திரியின் வரிசையில் நனைந்த குடைகள் நிறைய. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடவைத்து, இருட்டறைக்குள் ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் தலையைக் கொடுக்கச் சொல்லி, எங்கெங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறது என்று பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சின்னவள் ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து, "பாதி நேரம் அவங்க புள்ளியே வைக்கல, சும்மா உக்காத்தி வெச்சிருந்தாங்க" என்று குறை சொன்னாள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா நிதானமானவர். கிண்ணக் கருவி போட்டுக் கொடுத்த பார்வைப் படத்தை மேஜையில் திருப்பி வைத்தார். நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் கறுப்பு.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்ப அதிகமா இருக்கு. அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாச் சாகடிக்கும். ஓரத்துலேருந்து ஆரம்பிச்சு உள்ள வரும். வலிக்காது, சிவக்காது. நடுப்பார்வை நல்லா இருக்கறதால ஆளுக்கே தெரியாது. தைக்கறீங்கன்னு சொன்னீங்க, ஊசி நல்லாத் தெரியும். பக்கவாட்டுல வர்ற லாரி தெரியாது."

"போனது திரும்பி வருமா டாக்டர்?" என்றாள் பெரியவள்.

"வராது."

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

"மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து காலையும் சாயங்காலமும் விடணும். நேரம் தவறக் கூடாது, ஆயுசு முழுக்க. எப்பலேருந்து இப்படி இருக்கு?"

சின்னவள் பதில் சொல்லுமுன் அக்காவைப் பார்த்தாள். நேராக, முகத்துக்கு நேராகத் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது: தங்கை இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் தலையை முழுசாகத் திருப்பித்தான் பார்க்கிறாள்.

"அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்ச வருஷம்."

"அப்பவே வந்திருக்கலாமேம்மா. இவ்வளவு போயிருக்காதே."

"வலி இல்லையேன்னு இருந்துட்டோம்" என்றாள் சின்னவள். "அக்காவுக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'இருந்துட்டேன்' என்றும் சொல்லவில்லை. இருந்துட்டோம் என்று சொன்னதில் எவ்வளவு இரக்கம், எவ்வளவு குத்தல் என்று பெரியவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்தது.

எழுந்திருக்கும்போது டாக்டரம்மா பெரியவளிடம் சொன்னார்: "இது குடும்பத்துல வரக்கூடியது. நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, நேரம் கிடைக்கும்போது..."

"இப்பவே பாத்துடுங்க டாக்டர்" என்று சின்னவள் குறுக்கே புகுந்தாள். "நேரம் கிடைக்கும்போதுன்னு மட்டும் இவகிட்ட சொல்லாதீங்க. எத்தனை மணி வண்டின்னு கேப்பா. போ, போய் உக்காரு."

பெரியவள் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு அழுத்தம் சரியாக இருந்தது. அதைக் கேட்டுச் சின்னவள் சந்தோஷப்பட்டாள், உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அது பெரியவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

வாசலில் மழை விட்டிருந்தது. பையில் போன் அடித்தது. மேலாளர்.

"எல்லாமே பிழைச்சிடுச்சு! ராத்திரி முழுக்க ஓடிச்சு, ஒண்ணுகூட நசுங்கல. நீங்க இங்க இருந்திருக்கணும்!"

"சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றாள் சின்னவள்.

"மிஷின் சரியாயிடுச்சாம்."

"நல்லவேளை. யாரு கையும் போகாது."

இருவரும் நடைபாதையில் நடந்தார்கள். சொட்டு மருந்தால் இருவருக்கும் கண் கூசியது. தேங்கிய தண்ணீரில் வெளிச்சம் பட்டுத் தெருவே வெள்ளையாகத் தெரிந்தது. எதிரில் ஒருவன் மூட்டையோடு வந்தான், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் திரும்பியது. பெரியவள் சட்டென்று தங்கையின் இடதுபக்கம் மாறிக்கொண்டாள். பார்வை ரொம்பப் போயிருந்தது அந்தப் பக்கத்தில்தான். இனி எப்போதும் இந்தப் பக்கமாகவே நடக்கவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மனசில் ஆயிரம் இருந்தது. மன்னிச்சுடு என்று சொல்ல வாய் வரவில்லை.

சின்னவள் நின்றாள். தலையை வலதுபக்கம் திருப்பிப் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் லேசாகக் கலவரம்.

"அக்கா? எங்க போயிட்டே?"

"எங்கயும் போகலடி. இங்கதான், உன் பக்கத்துலயே இருக்கேன்."

"பக்கத்துல இருந்தா எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் சின்னவள். "முன்னாடி வா."